முழு மதிப்பெண் வாங்கிய கொலை

பள்ளியின் சட்ட வகுப்புக்காகப் பவதாரணி யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கொலையைக் கற்பனை செய்து எழுதினாள். காபியில் கலந்த விஷம், தூக்கத்தில் மரணம், துளிகூடத் தடயமில்லை. விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தால் துப்புத் துலக்க முடியவில்லை. அது முழு மதிப்பெண் போட்டுவிட்டு, காவல் நிலையத்துக்கும் தகவல் அனுப்பியது.

மறுநாள் ஒரு பெண் காவலர் வீட்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தூக்கத்துலதானே இறந்தாரு?"

"ஆமா மேடம்," என்றாள் அம்மா கோமளா. "உடம்புல சந்தேகப்படுற மாதிரி ஒண்ணுமே இல்லையே!"

"அதாம்மா சிக்கலே. அவருக்குக் காபி யாரு போடுவா?"

"இவதான்," என்று மகளைக் காட்டினாள் கோமளா.

"அம்மா, அது வெறும் கதைம்மா!" பவதாரணி அழுதாள்.

விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டுக் காவலர் போனார். பவதாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அம்மாவுக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள். கோமளா டம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நீ முதல்ல ஒரு வாய் குடிடி," என்றாள்.