பின்னிருக்கையின் காது

காட்டுத்தீயின் புகை மலைச்சாலையில் இறங்கிவிட்டது; தீ பின்னால் எங்கோ. இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளின் முன்னால் நடீன். பின்னால் பார்வையில்லாத அவள் கணவன் ஆர்வல். பழைய கியர், ‘டக்’கென்று தானாக நிற்காது, காதால் கேட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். சைக்கிள் சட்டத்தில் இருக்கும் கியர் லீவரின் திருகு வேறு தளர்ந்துவிட்டது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஏற்றத்தில் ஓட்டுகிறாள். விரல் அசந்தால் லீவர் சரிகிறது, பெடல் கனக்கிறது. “சங்கிலி கரகரங்குது. ஒரு மயிரிழை இழு,” என்கிறான் ஆர்வல். இழுக்கிறாள். கரகரப்பு அடங்குகிறது. “பின்னாடி என்ன கேக்குது?” என்கிறாள். அவன் தலையைத் திருப்பிக் கேட்கிறான். “ஒண்ணுமில்லடி. ரோட்டப் பாரு.” இருவர் பெடல்களும் ஒன்றாகப் பிணைந்தவை. அவள் கால்களுக்கடியில் அவை திடீரென்று வேகமெடுக்கின்றன.