கொடியில் விட்டுப்போன சேலை

வேலாயி கொடியில் காயப்போட்டுவிட்டுப் போன நீலக்கட்டம் போட்ட சேலை மெனிக்கேயின் உடம்பில் இருந்தது.

வேலாயி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. தேயிலைக் கொழுந்துக் கூடை உரசி நைந்துபோன இடம்கூட அப்படியே தெரிந்தது.

இலங்கையில் ஐம்பத்தெட்டாம் வருஷக் கலவரம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்துக்குத் தமிழரை அடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று யாரோ கத்தியதும், வேலாயியும் புருஷன் கந்தப்பனும் உடுத்திய துணியோடு மலையேறி ஓடினார்கள். டிக்கோயாவில் தங்கச்சி வீட்டில் பத்து நாள் ஒண்டியிருந்துவிட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தார்கள்.

அந்தப் பத்து நாளும் வேலாயிக்குப் பசுவின் நினைப்புதான். கன்று போட்டு ஒரு வாரமே ஆன செவலைப் பசுவை, கயிற்றைக்கூட அவிழ்த்துவிடாமல் விட்டுவிட்டு ஓடிவிட்டாள். கட்டின இடத்திலேயே தாயும் கன்றும் செத்திருக்கும், அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது என்று தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இப்போது வீட்டுக் கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே சட்டி பானைகூட இல்லை. மாட்டுப்பட்டிப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. அந்த நேரத்தில்தான் லயத்துக்குப் பின்னாலிருந்து மெனிக்கே வந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரி. பலாக்காய் கொண்டுவந்து கொடுப்பாள், தீபாவளிக்குப் பலகாரம் வாங்கிப் போவாள். வேலாயியோடு பேசிப் பேசியே தமிழ் படித்தவள். அவளா?

தமிழ்ப் பொம்பளை மாதிரியே சேலையைக் கட்டி முக்காடு போட்டிருந்தாள். கையில் வேலாயியின் பித்தளைச் செம்பு.

"பாத்தீங்களா, செம்பும் நம்மளுது" என்றாள் வேலாயி. கந்தப்பன், உசுரு மிஞ்சினதே பெரிசு, விடு என்றான். அவள் விடவில்லை.

"சேலை ஒனக்கு நல்லாத்தான் இருக்கு மெனிக்கே. ரவிக்கையையும் எடுத்துக்கிறதுதானே?"

மெனிக்கேயின் முகம் வெளுத்தது. "அக்கே, பட்டிக்கு வாங்க."

"அங்க என்னத்த மிச்சம் வச்சிருக்க?"

கேட்டுக்கொண்டே வேலாயி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முக்காடு விலகியது. மெனிக்கேயின் தலையைச் சுற்றித் துணிக்கட்டு. அதில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

வேலாயியின் கை தானாக விட்டுவிட்டது.

அப்போது பட்டியிலிருந்து பசு கத்தியது.

அவள் ஓடினாள். செவலை நின்றுகொண்டிருந்தது. கன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. முன்னால் பச்சைப் புல். வேலாயி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

மெனிக்கே பட்டி வாசலிலேயே நின்றாள். முதல் நாள் தன் துணியோடு வந்தபோது பசு முட்டித் தள்ளிவிட்டதாம். கயிற்றில் கை வைக்க விடவில்லையாம். கன்று எட்டாமல் மடி கல்லாகக் கட்டிப் போயிருந்ததாம்; கறக்கத்தான் அந்தச் செம்பாம்.

"அதுக்கு வாசம் தெரியுது அக்கே. ஓங்க சேலை கட்டினாத்தான் நிக்குது. தண்ணிக்கும் கூட வருது."

கந்தப்பன் மெதுவாக, தலையில் என்ன காயம் என்று கேட்டான்.

"ஓடையில பசுவுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னேன். பாலத்துல போன எங்க ஆளுங்க முதுகை மட்டும்தான் பாத்தாங்க. தமிழ்ப் பொம்பளைன்னு நெனச்சு கல்லால அடிச்சிட்டாங்க."

வேலாயி பசுவின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். "எப்போ?" என்றாள்.

"நீங்க போன மறுநாள்."

அதற்குப் பிறகும் ஒன்பது நாள், அதே சேலையைக் கட்டிக்கொண்டு அதே ஓடைக்கு அவள் பசுவை ஓட்டிப் போயிருக்கிறாள்.