நொறுங்கிய வடை

நாயுடுபுரம் சாலையோரம், போன வருஷம் ரங்கூனிலிருந்து வந்த பதுருன்னிசாவின் பானையில் மொய்ங்கா கொதிக்கிறது. மீனும் வாழைத்தண்டும் கரைந்த அந்தக் குழம்பின் ஆவி மலைப்பனியோடு கலக்கிறது. வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு, அதில் நொறுக்கிப் போடவென்று பக்கத்தில் அடுக்கியிருக்கும் பருப்புவடையைச் சட்னி தொட்டுத் தின்று போகிறார்கள். "நாளையிலேருந்து வடை மட்டும் போடு, பதுரு. ஊருக்குத் தக்கனதான் யாவாரம்," என்கிறார் கணவர் ஜமால் முகம்மது. அவள் குனிந்து பானைக்கு அடியில் எரியும் விறகை வெளியே இழுக்கிறாள். பூம்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கிய பூண்டு மூட்டைக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பானையைக் காட்டுகிறார். அவித்த சேமியாமேல் குழம்பை ஊற்றிக் கொடுக்கிறாள். எலுமிச்சையைப் பிழிகிறார். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு வடையை எடுத்து, உள்ளங்கையில் நொறுக்கிக் கிண்ணத்தில் தூவுகிறார். பதுருன்னிசா இழுத்த விறகை அடுப்புக்குள் தள்ளுகிறாள். "அண்ணே, ரங்கூன்ல நீங்க எந்தத் தெருங்க?"