முந்திக்கொண்டவர்

"உங்க மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சுங்க ஐயா. மன்னிச்சிட்டேன்."

பக்கத்து வீட்டு மெக்கானிக் வாசலில் நின்றபடி இதைச் சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை இவன் மன்னிக்கிறானா? விடியறதுக்கு முன்னாடியே பைக்கை உறுமவிட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறதே அவன்தான்!"

"அதுக்காக நீங்க ஜன்னல் வழியாப் போட்ட கூச்சல்ல அவர் குழந்தை வீறிட்டு அழுதுச்சே, மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "நீங்களும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

"நானா? ஆறு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன் இன்னிக்கு எதுக்கு வந்தான்?"

"நேத்து சர்ச்சுல கூட்டத்தோட கூட்டமா கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தாராம். 'தப்பு யார் மேல இருந்தாலும் நீயே முந்திப் போய்ப் பேசு, அதுதான் அடுத்தவனை நேசிக்கிறது'ன்னு பிரசங்கத்துல கேட்டதும் அங்கேயே அழுதுட்டாராம். அவர் சம்சாரம் சொன்னாங்க."

இவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அழுதானா?"

"தேம்பித் தேம்பி. அவ்வளவு நல்லா இருந்துச்சாம்."

"இருக்காதா பின்னே? நாலு நாள் உட்கார்ந்து எழுதினேனே!" என்ற போதகர், சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.