பால் ஒட்டாத வில்லை

வீரம்மாள் பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்பதில் பால் சங்கச் செயலாளர் சக்கரபாணிக்குச் சந்தேகமே இல்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊருக்கு எண்பத்தேழாம் வருஷம்தான் பாலைச் சோதிக்கும் மின்சார மிஷின் வந்தது. ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை அளக்கும் சிலிக்கன் வில்லை, நடுவில் பால். பால் கெட்டியாக இருந்தால் வில்லைக்கு வெளிச்சம் குறையும், முள் ஏறும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றால் தண்ணீர் என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

ஊரார் பாலுக்கெல்லாம் முள் கோட்டைத் தாண்டித் துள்ளும். வீரம்மாள் பாலுக்கு மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அளவு பார்த்துக் கலக்கும் கைகாரி என்று சக்கரபாணி முடிவு கட்டினார். புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் விடிகாலையில் நாலு பேர் முகம் சுளிப்பார்களே என்று, அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து ஊற்றிவிட்டுத் தலைகுனிந்து போய்விடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மற்றவர்கள் அப்படியில்லை. பதவிசானவர்கள். "நீ முன்ன ஊத்துக்கா", "இல்ல, நீங்க ஊத்துங்கண்ணே" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்பார்கள். அவர் மனைவி கிளியம்மாள் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்துக் கடைசியில்தான் ஊற்றுவாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மிஷினைச் செய்து விற்ற அந்தோணிசாமி ஒருநாள் திண்டிவனத்திலிருந்து வந்தான்.

"பால்ல இருக்கிற புரதம் வில்லை மேல ஆடை மாதிரி ஒட்டிக்கினு போவுதுங்க. அப்புறம் முள்ளு பொய் சொல்லும்."

"தினம் சாயங்காலம் சோடா உப்புல ஊறவெச்சுக் கழுவறேனேப்பா."

"கழுவினா போவும். ஊத்த ஊத்த மறுபடி ஒட்டும். ஒரு பூச்சு கொண்டாந்திருக்கேன். தடவிட்டா தாமரை எலையில தண்ணி மாதிரிதான், எதுவும் ஒட்டாது."

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. இந்தப் பொய்தான் இத்தனை நாளும் வீரம்மாளைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே வில்லையைக் கழுவிப் பூச்சைத் தடவிவிட்டு அந்தோணிசாமி ராத்தங்கினான். பூச்சைப் பற்றிச் சக்கரபாணி யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் எல்லாரும் நேரத்தோடு வந்து சாட்சியாக நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கூட்டத்தைக் கண்டதும் வீரம்மாள் ஒதுங்கி நின்றாள்.

"வாம்மா வா. இன்னிக்கு முள்ளு கீழ நின்னா, நாளையிலேர்ந்து உன் தூக்கு இங்க வரக்கூடாது."

"இந்த ஒத்தை மாட்டை வெச்சித்தாங்க ரெண்டு பொண்ணுங்களுக்குக் கஞ்சி ஊத்தறேன்" என்றாள் அவள். "மயிலத்து முருகன் பாத்துக்குவான்."

பாலை ஊற்றினாள். முள் ஏறிவந்து, வழக்கம்போலவே கோட்டைத் தொட்டு நின்றது.

சக்கரபாணி மிஷினைத் தட்டிப் பார்த்தார். முள் இறங்கவில்லை. "சரி, அடுத்தது யாரு?"

"நீங்க போங்கண்ணே."

"நீ போயேன்."

அந்தோணிசாமி பொறுமையிழந்து, பச்சைமுத்துவின் தூக்கை வாங்கி ஊற்றினான். முள் கோட்டுக்குக் கீழே நின்றது. பூமாலையின் பாலுக்கு இன்னும் கீழே. வெள்ளையம்மாள் பாலுக்கும் அதே கதி.

கடைசியாகக் கிளியம்மாள் ஊற்றினாள். முள் அடியிலேயே படுத்துக்கொண்டது.

சக்கரபாணி உட்கார வீரம்மாள்தான் முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"நம்ம மாட்டுக்கு ஏதாச்சும் சீக்கா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"மாடு நல்லாத்தான் கீது. பின்னால ஊத்த ஊத்த முள்ளு தானா ஏறும், அதுக்குத் தக்கன தண்ணி கலந்துக்கலாம்னு ஊருக்கே தெரியும், உங்களுக்கும் வீரம்மாளுக்குந்தான் தெரியாது" என்றாள் கிளியம்மாள்.