ஐந்து நட்சத்திரப் புருவம்

கொரியாவின் டேகு நகரில் தன் துணிக்கடையைப் பாதி நாளில் அடைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்த அக்கா ஒக்ஜூ, தொப்பியைக் கழற்றினாள். வலது புருவத்தைக் காணோம். அந்த இடத்தில் சிவந்த தோல்தான் இருந்தது.

"புருவ மைடி. தடவி, காய்ஞ்சதும் உரிக்கணும். உரிச்சேன், முடியும் சேர்ந்து வந்துடுச்சு. நாளைக்கு மகளோட மாமியார் வீட்டுக்காரங்க முன்னாடி எப்படி உக்காருவேன்?"

"பென்சில்ல வரைஞ்சு விடறேன்க்கா."

"பேரம் பேசாம முள்ளங்கிகூட வாங்காதவ நான். இணையத்துல ஒருத்தி அஞ்சு நட்சத்திரம் குடுத்துக் கதை அளந்ததை நம்பிட்டேன். ரெண்டு வாரமா போடறாளாம், ஒரு முடிகூட உதிரலையாம்!"

"சரியான புளுகுணி," என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அவ அக்காவுக்கும் போட்டு விட்டாளாம், பத்து வயசு குறைஞ்சிடுச்சாம். அந்த அக்கா என்ன கதி ஆனாளோ, பாவம்!"

பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"வரையறது இருக்கட்டும். உனக்குத்தான் எழுத்து நல்லா வருமே. அவ நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வரி எழுது."

அவளுக்குத் தெரியாதபடி என் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விமர்சனம் எழுதுவதற்காக இலவசமாக வந்த மை டப்பாவின் உறையைக்கூடப் பிரிக்காமல் நான் எழுதிய வரிகளுக்குக் கீழே, 'உங்களை நம்பித்தான் வாங்கினோம்' என்று இதற்குள் நானூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.