நடுவில் மிஞ்சிய தாள்

புத்தக அலமாரியில் ஒரு ராமபாணப் பூச்சித் தம்பதி குடியிருந்தார்கள். எந்தத் தாளையும் படித்துவிட்டுத்தான் தின்பது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். மாசிலாமணி தடித்த நாவல் ஒன்றை முன்னட்டையிலிருந்து தின்றுவந்தான். அஞ்சலை பின்னட்டை வழியாக ஒரு நாவலுக்குள் புகுந்திருந்தாள். சாயங்காலமானால் இரண்டு பேரும் படித்ததைப் பேசுவார்கள்.

“என் நாவல்ல ஒருத்தி புருஷன் முகத்துலயே கதவைச் சாத்துறா. என்ன ரோஷம்கிறே” என்பான் அவன்.

“என் நாவல்ல ஒரு கிழவி, மழையில வந்து நின்ன புருஷனுக்குக் கதவைத் திறந்து துண்டை நீட்டுறா. ஒரு வார்த்தை பேசலைங்க. எழுதின கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்.”

ஒருநாள் அஞ்சலைக்கு எதிரே கொறிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாசிலாமணி. இரண்டும் ஒரே நாவல்தான். நடுவில் ஒரு தாள்தான் மிச்சம்.

அவளுக்கு அந்தக் கிழவி ரோஷக்காரியாக இருந்த முன்கதையைப் படிக்க ஆசை. அது அவன் வயிற்றில் இருந்தது.

“கதவைச் சாத்தினப்போ அவ அழுதாளா?”

“அழலை. சாவியைக் கிணத்துல போட்டா.”

அன்று முழுக்க மாறி மாறிக் கதை சொன்னார்கள். அந்தத் தாளை நாலு தடவை படித்தார்கள். வாய் வைக்க மனசு வரவில்லை.

“பசிக்குதுங்க. பக்கத்துல வரிச் சட்டப் புத்தகம் இருக்கு, வாங்க.”

“அதையும் படிச்சுட்டுத்தானே தின்னணும்” என்று முனகினான் மாசிலாமணி.

“படிப்போம்” என்றாள் அஞ்சலை.